வாவிக்கரை அறைக்கு எந்தக் கேசிங்?

எங்கள் வாசிகசாலையின் பின்னறையில் ஒரு இரும்பு அலமாரி இருக்கிறது. அதன் நடுத்தட்டில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள், பதினொரு வெளி ஹார்ட் டிஸ்க். ஊரில் ஆடிய கூத்துகள், கண்ணகி அம்மன் சடங்கு, கொம்புமுறி, கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரோடு இருந்து கதைத்த பதிவுகள் எல்லாம் அதற்குள்தான். போன வைகாசியில் அதில் ஒன்றைச் செருகினோம். டக் டக் என்று நாலு தரம் தட்டிவிட்டு நின்றுவிட்டது. விடிய விடிய ஆடிய ஒரு வடமோடிக் கூத்து அதில் இருந்தது. அன்றைக்கு மத்தளம் அடித்த அண்ணாவியார் இப்போது உயிரோடு இல்லை.

"மனே, மிச்சத்தையாவது ஒரு இடத்தில பத்திரமா வைப்பம்" என்றார் மாஸ்டர். எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவர். அவர் கேட்டால் மறுக்க எனக்கு வாய் வராது. நான் மட்டக்களப்பில், கல்லடியில் கம்ப்யூட்டர் திருத்துகிறவன். பழைய சாமான் கொஞ்சம் கையில் இருந்தது. எல்லாப் பதிவையும் ஒரே இடத்தில் வைக்கும் கம்ப்யூட்டர், அதாவது ஒரு சேர்வர் கட்டுவோம் என்று முடிவெடுத்தோம். இப்போதைக்கு 8 டெராபைட் டிஸ்க் நாலு. அதில் எந்த இரண்டு செத்தாலும் பதிவுகள் தப்பும்படி அமைத்தால் 16 டெராபைட் இடம் கிடைக்கும். இரண்டு மூன்று வருடத்தில் இன்னும் இரண்டு டிஸ்க் சேர்க்க வேண்டி வரும். ஆகவே ஆறு டிஸ்க்குக்கு இடம் வேண்டும், இரவு பகலாக ஓட வேண்டும்.

மதர்போர்ட், ப்ராசசர், ராம் எல்லாம் ஒரு பின்னேரத்தில் முடிவாகிவிட்டன. இவற்றையெல்லாம் அடக்கும் பெட்டியான கேசிங்குக்கு ஒரு மாதம் பிடித்தது. "பெட்டிதானே, எதையாவது எடுப்பம்" என்று சொன்னவர்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. ப்ராசசர் எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான் வேலை செய்யும். எங்கள் ஊர்க் காற்றோடும் உப்போடும் நேரே முட்டுவது கேசிங்தான். குளிர்நாட்டில் இருந்துகொண்டு ஒருவர் புகழும் கேசிங், வாவியில் இருந்து ஐம்பது அடியில் ஓட்டுக் கூரைக்குக் கீழே என்ன ஆகும் என்பதை நாங்கள்தான் யோசிக்க வேண்டும்.

அதனால் முதலில் அறையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் அரை மைல் தாண்டினால் கடல். ஏசி இல்லை. இரண்டு யன்னல். கச்சான் காற்று தொடங்கினால் ஆனி, ஆடியில் மத்தியானம் அறைக்குள் 34, 35 பாகைக்குக் குறையாது. மாவு மாதிரி மணல் எல்லாவற்றிலும் படியும். மாரி வந்தால் நிலைமை தலைகீழ். சுவர் வேர்க்கும், புத்தக ஓரம் நெளியும், பூட்டுக்குள் துரு ஏறும். இந்த இரண்டு காலத்தையும் ஒரே பெட்டி தாங்க வேண்டும்.

கேசிங் செய்யும் தகடு பெரும்பாலும் துத்தநாகம் பூசிய உருக்கு. பூச்சு இருக்கும் வரைக்கும் பயமில்லை. ஆனால் தகட்டைத் தேவையான அளவுக்கு வெட்டும்போது ஓரத்தில் பூச்சு இல்லாமல் போகும். துரு அங்கேதான் தொடங்கும். என் கடைக்கு வரும் கேசிங்குகளில் பார்த்திருக்கிறேன்: பின்பக்கம் கார்ட் செருகும் பள்ளங்களின் ஓரம், பவர் சப்ளைக்கு மேலே இருக்கும் விளிம்பு, திருகாணித் துளைகள். முதலில் தேநீர்க் கறை மாதிரி ஒரு நிறம் தெரியும். அடுத்த வருடம் விரல் வைத்தால் பொடி உதிரும். அந்தப் பொடி மதர்போர்ட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அரை மில்லிமீற்றர் தகட்டில் செய்த மலிவுக் கேசிங்குக்கும் 0.8 மில்லிமீற்றர் தகட்டில் செய்து உள்ளும் புறமும் நிறம் பூசியதற்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும். கடையில் பார்க்கும்போது உட்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே வெறும் சாம்பல் நிறத் தகடாக விட்டிருந்தால் எங்கள் கரைக்கு அது வேண்டாம். அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காதுதான். ஆனால் உப்புக் காற்றில் அதற்கும் வெள்ளைப் பொடி பூக்கும், சின்னச் சின்னக் குழி விழும்.

இன்னொன்று பல்லி. வெளியூர் ஆக்கள் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள், ஆனால் என் மேசைக்கு வரும் செத்த பவர் சப்ளைகளில் பல்லி செத்துக் கிடந்தவை கொஞ்சமல்ல. சூடான இடம் தேடி வருகிறது, இரண்டு முனையைத் தொடுகிறது, அதோடு இரண்டும் முடிகிறது. போன வருடம் ஒரு மெஷினைக் கழற்றியபோது மதர்போர்ட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் இருந்த அந்த ஒரு விரல் இடைவெளியில் இரண்டு வெள்ளை முட்டை ஒட்டியிருந்தன. பின்பக்கம் ஒரு பள்ளத்து மூடியைக் கழற்றியவர் திரும்பப் போடவில்லை, வழி அதுதான். பல்லிக்குப் பென்சில் நுழையும் ஓட்டை போதும். ஆகவே கேசிங் வாங்கும்போது காற்று வரும் ஓட்டை எல்லாவற்றிலும் வலை இருக்கிறதா, பாவிக்காத பள்ளத்துக்கு மூடி இருக்கிறதா என்பது எனக்கு அழகைவிட முக்கியம்.

சரி, எங்கள் முன்னால் ஐந்து வழி இருந்தன.

முதலாவது, கையில் இருந்த பழைய அலுவலக மெஷின். கொழும்பில் இருந்து இறக்கி எங்கும் விற்கிறார்களே, டெல் ஆப்டிபிளெக்ஸ் மாதிரியான சின்ன மெஷின்கள். நல்ல தகடு, நல்ல வேலைப்பாடு, மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும். வீட்டுக்கு ஒரு டிஸ்க் வைத்துப் படங்கள் சேமிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. ஆனால் இந்தச் சின்ன வகைக்குள் 3.5 அங்குல டிஸ்க் ஒன்றுதான் போகும். பவர் சப்ளையும் மதர்போர்ட்டும் அந்தக் கம்பெனிக்கென்றே செய்தவை. ஏடிஎக்ஸ் என்பது பல கம்பெனிகளும் பின்பற்றும் பொது அளவு; 24 பின் உள்ள அந்த வழமையான இணைப்பு பல மொடலில் இல்லை. பவர் சப்ளை போனால் அதே மொடலைத் தேடி அலைய வேண்டும். ஆறு டிஸ்க் என்றதும் இது வெளியே போய்விட்டது.

இரண்டாவது, டவுனில் எந்தக் கடைக்குப் போனாலும் முன்வரிசையில் நிற்கும் கண்ணாடிக் கேசிங். மாஸ்டரின் மருமகனுக்கு இதில்தான் ஆசை. பக்கத்தில் கண்ணாடி, முன்னால் கண்ணாடி, மூன்று வண்ண ஃபேன். விளையாட்டு மெஷினுக்கு யாராவது ஆசைப்பட்டு வாங்கினால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முன்பக்கம் கண்ணாடியால் மூடியிருந்தால் காற்று ஓரத்தில் உள்ள விரல் அகல இடுக்கால்தான் வர வேண்டும். டிஸ்க் வைக்கும் இடமோ கீழே பவர் சப்ளைக்குப் பக்கத்தில் மூடியிட்ட அறைக்குள். அங்கே இரண்டு டிஸ்க்குக்குத்தான் தட்டு இருக்கும், ஃபேன் காற்று அங்கே போய்ச் சேராது. இந்த மாதிரி ஒன்றில் இரண்டு டிஸ்க் போட்டு ஒரு நாள் முழுக்கக் கோப்புகளை நகல் எடுத்துப் பார்த்தேன். கச்சான் அடிக்கிற மத்தியானம் டிஸ்க் 52 பாகைக்குப் போனது. மூடியைக் கழற்றி, மேசை ஃபேன் ஒன்றை எதிரே வைத்ததும் அரை மணித்தியாலத்தில் 41க்கு இறங்கியது. காற்று போகும் வழிதான் இந்த 11 பாகையைத் தீர்மானித்தது.

டிஸ்க் வெப்பத்தைப் பற்றி அளவுக்கு மீறிப் பயப்படுகிறவர்களும் உண்டு. கூகுள் 2007இல் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து எழுதிய ஆய்வில், சாதாரண வெப்ப எல்லைக்குள் சூட்டுக்கும் சாவுக்கும் நினைத்த அளவு தொடர்பு இல்லை என்றுதான் வந்தது. ஆனால் மிக உயர்ந்த வெப்பத்திலும், டிஸ்க்குக்கு வயது போன பிறகும் சூடு தன் வேலையைக் காட்டியது. பெரும்பாலான டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச எல்லை 60 பாகை அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். எங்கள் அறையே 35 என்னும்போது மிச்சமிருப்பது 25 பாகைதான். ஏசி அறையில் இருப்பவருக்கு அந்த மிச்சம் 35 பாகைக்கு மேல். ஒரே கேசிங்கைப் பற்றி இரண்டு இடத்தில் இரண்டு தீர்ப்பு வருவதற்குக் காரணம் இதுதான். நான் 45ஐ எனக்கு எல்லையாக வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வழியில்தான் மாஸ்டர் மனதை வைத்திருந்தார். சின்னதாக, சதுரமாக, புத்தகத் தட்டிலேயே வைக்கக்கூடிய பெட்டி. ஜோன்ஸ்போ கம்பெனியின் என்2இல் ஐந்து டிஸ்க், என்3இல் எட்டு. ஃப்ராக்டல் டிசைனின் நோட் 304இல் ஆறு. படத்தைப் பார்த்ததும் எனக்கும் பிடித்தது. நோட் 304 ஒரு நல்ல வேலை, 20 லீற்றருக்குள் ஆறு பெரிய டிஸ்க்கையும் வழமையான ஏடிஎக்ஸ் பவர் சப்ளையையும் அடக்கியிருக்கிறார்கள். அளவு கச்சிதம்தான். ஆனால் இந்த மூன்றும் மினி ஐடிஎக்ஸ் மதர்போர்ட்டுக்குச் செய்தவை. அது 170க்கு 170 மில்லிமீற்றர். அந்த மதர்போர்ட்டில் கார்ட் செருக ஒரே ஒரு இடம், டிஸ்க் இணைக்கப் பெரும்பாலும் நாலு முனை. ஆறு டிஸ்க் வேண்டுமென்றால் அந்த ஒரே இடத்தையும் டிஸ்க் கார்ட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். என் கையில் இருந்தது அதைவிடப் பெரிய, 244க்கு 244 மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்ட். அதை விற்றுவிட்டு இன்னொன்று வாங்க வேண்டி வரும்.

அதையும் செய்யலாம் என்று வைத்துக்கொள்வோம். என் மனம் மாறியது உதிரிப்பாகக் கணக்குப் போட்ட அன்றுதான். ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்: இந்தப் பெட்டியில் முதலில் சாகப்போவது எது? ஃபேன், அடுத்தது பவர் சப்ளை. ஜோன்ஸ்போ பெட்டிகளுக்கு எஸ்எஃப்எக்ஸ் என்னும் சின்னப் பவர் சப்ளை வேண்டும்: 125 மில்லிமீற்றர் அகலம், 63.5 உயரம், 100 நீளம். என்2இன் பின்பக்க ஃபேன் 15 மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லிய வகை. வழமையான ஃபேன் 25 மில்லிமீற்றர். நான் மட்டக்களப்பு டவுனில் நாலு கடை, காத்தான்குடியில் இரண்டு, கல்முனையில் இரண்டு என்று கேட்டுப் பார்த்தேன். 120 மில்லிமீற்றர் வழமையான ஃபேன் எட்டுக் கடையிலும் இருந்தது. ஏடிஎக்ஸ் பவர் சப்ளையும் எட்டிலும் இருந்தது. எஸ்எஃப்எக்ஸ் ஒரு கடையிலும் இல்லை. "கொழும்பில இருந்து எடுப்பிச்சுத் தாறன்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். மெல்லிய ஃபேனைப் பற்றிக் கேட்டபோது ஒருவர் லாச்சியைத் திறந்து தேடிவிட்டுக் கையை விரித்தார்.

300 கிலோமீற்றருக்கு மேல் தூரத்தில் இருந்து ஒரு சாமான் வர எத்தனை நாள் ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். மாரியில் வெள்ளம் வீதியை மறித்தால் அந்தக் கணக்கும் பிழைக்கும். அந்த நாட்கள் முழுக்க சேர்வர் செத்துக் கிடக்கும். அன்றிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல்: இந்தக் கேசிங்கில் எது பழுதானாலும் அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளில் போய் வாங்கி வந்து மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

அந்த அளவுகோலோடு நாலாவது வழியைப் பார்த்தேன். ராக்கில், அதாவது சேர்வர்களை அடுக்கும் இரும்புச் சட்டத்தில், மாட்டும் கேசிங். கொழும்பில் நெட்வொர்க் வேலை செய்யும் என் மச்சான் இதைத்தான் எடுக்கச் சொன்னான். அவன் வேலை செய்யும் இடத்துக்கு அது சரி. ராக்கின் அகலம் எங்கும் 19 அங்குலம், ஒரு யு உயரம் 44.45 மில்லிமீற்றர். 1யு பெட்டிக்குள் 40 மில்லிமீற்றர் ஃபேன்தான் நிற்கும். அந்தச் சின்ன ஃபேன் வேண்டிய காற்றைத் தள்ள நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். மருந்தடிக்கிற மெஷின் மாதிரிச் சத்தம் வரும், பக்கத்து அறையில் பிள்ளைகள் படிக்க முடியாது. 2யுவுக்கு 80 மில்லிமீற்றர் ஃபேன். 4யுவுக்கு வந்தால்தான் 120 மில்லிமீற்றர் ஃபேனும் உயரமான ப்ராசசர் கூலரும், பல மொடலில் ஏடிஎக்ஸ் பவர் சப்ளையும் போகும். அந்த வகையில் 4யு என் அளவுகோலுக்குள் வருகிறது. டிஸ்க்குகளை முன்வரிசையில் நிறுத்தி, அதன் பின்னால் ஃபேன் சுவர் ஒன்று வைத்திருப்பார்கள். டிஸ்க் குளிர்விக்க அதைவிட நேரான வழி இல்லை. ஆனால் 4யு பலவும் 600 மில்லிமீற்றருக்கு மேல் நீளம். எங்கள் மேசையில் வைத்தால் முன்னுக்கோ பின்னுக்கோ நீட்டிக்கொண்டு நிற்கும். ராக் வாங்கினால் அதற்குத் தனிக் காசு. முன்பக்கம் முழுக்கத் திறந்த ஓட்டையாக இருப்பதால் மணல் நேரே உள்ளே போகும். ஏசி போட்டு மூடிய அறைக்கென்று செய்த பெட்டி அது. வங்கி, வைத்தியசாலை, பல்கலைக்கழகம் மாதிரி மூடிய குளிர் அறை உள்ளவர்கள் யோசிக்காமல் 4யு எடுக்கலாம். நாங்கள் எடுக்கவில்லை.

ஐந்தாவது, பழைய பாணிப் பெரிய டவர். இப்போது புதிதாக வரும் கேசிங்குகளில் டிஸ்க் இடம் குறைந்துகொண்டே போகிறது, ஏனென்றால் பெரும்பாலானவருக்கு ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலாத சின்ன டிஸ்க், போதும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் அப்படி இல்லை. நாலு தொடக்கம் எட்டு டிஸ்க் வரை முன்பக்கம் அடுக்காக நிற்கும், அதற்கு எதிரே இரண்டு ஃபேன். இப்படிப்பட்ட பழைய டவர்கள் எங்கள் பக்கம் வீடுகளிலும் பழைய ஸ்டூடியோக்களிலும் தூசி பிடித்துக் கிடக்கின்றன. இதில் இரண்டு வகை கண்ணில் பட்டது.

ஒன்று, சிடி ட்ரைவ் வைக்கும் 5.25 அங்குல இடம் மூன்று நாலு உள்ள சாதாரண டவர். அந்த மூன்று இடத்தையும் சேர்த்து ஐந்து டிஸ்க் வைக்கும் கூடு ஒன்று தனியாக விற்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கூட்டின் விலையைக் கேட்டதும், அதற்கு இன்னொரு கேசிங்கே வாங்கலாம் போலிருந்தது. அதோடு இந்த வகையில் பவர் சப்ளை மேலே, ஃபேன் 80 மில்லிமீற்றர், தகடு மெல்லியது. நான் பார்த்த இரண்டில் ஒன்றின் அடிப்பாகம் துருவில் ஓட்டை விழுந்திருந்தது.

மற்றது, கல்முனையில் ஒரு வீடியோ எடிட்டிங் ஸ்டூடியோவில் இருந்தது. கலியாண வீடியோ வேலையை விட்டுவிட்டு அவர் வேறு தொழிலுக்குப் போகிறார். ஃப்ராக்டல் டிசைனின் டிஃபைன் ஆர்5. எட்டு டிஸ்க் தட்டு, முன்னால் 120 அல்லது 140 மில்லிமீற்றர் ஃபேன் இரண்டு மாட்டலாம், வழமையான ஏடிஎக்ஸ் பவர் சப்ளை, ஏடிஎக்ஸில் இருந்து மினி ஐடிஎக்ஸ் வரை எந்த மதர்போர்ட்டும் போகும். தட்டுகள் தகட்டில் செய்தவை, டிஸ்க்குக்கும் தட்டுக்கும் நடுவில் ரப்பர். ஆறு டிஸ்க் சேர்ந்து சுழலும்போது ஒன்றின் அதிர்வு மற்றதுக்குப் போகாமல் இருக்க அந்த ரப்பர் வேண்டும். மேல்பக்க ஃபேன் துளைகள் மூடியால் அடைத்திருக்கின்றன. பல்லிக்கு மேலால் வழியில்லை, ஓட்டுச் சந்தால் விழும் தூசிக்கும் வழியில்லை. கீழ்ப்பக்க வலையை முன்பக்கத்தால் இழுத்து எடுக்கலாம். கேசிங்கைத் தூக்கிச் சரிக்கத் தேவையில்லை. அறுபத்தெட்டு வயது மாஸ்டர் கிழமைக்கொருதரம் துடைக்கப்போகிறார் என்றால் இது சின்ன விசயமல்ல. வலை கழற்றுவது சிரமமாக இருந்தால் ஒருவரும் கழற்றமாட்டார்கள். மூன்று மாதத்தில் அது போர்வை மாதிரி ஆகிவிடும், பிறகு ஃபேன் சுற்றியும் பயன் இல்லை.

குறையும் இருந்தது. முன்கதவு மூடியது, காற்று ஓரத்துச் சந்துகளால்தான் வரும். சத்தம் குறைக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். கண்ணாடிக் கேசிங்கைக் கழித்த அதே காரணம் இதற்கும் பொருந்தாதா என்று மாஸ்டரே கேட்டார், சரியான கேள்வி. வித்தியாசம் இரண்டு. இங்கே ஃபேன்களுக்கு நேர் பின்னால் டிஸ்க் நிற்கிறது, இழுத்த காற்று முழுக்க அதற்கூடாகத்தான் போகிறது. அப்புறம் முன்கதவைத் திறந்தே விடலாம். கச்சான் காலத்தில் அப்படித்தான் விடப்போகிறோம், உள்ளே வலை எப்படியும் இருக்கிறது. கடைக்குக் கொண்டுவந்து நாலு டிஸ்க் போட்டு அதே சோதனையைச் செய்தேன். கதவு மூடி 46 பாகை, திறந்து 42. இதையே எடுத்தோம்.

பழைய கேசிங்கில் புதிய டிஸ்க் போடுகிறவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. நான் இதில் ஒரு பின்னேரத்தை இழந்தேன். கொள்ளளவு கூடிய இன்றைய 3.5 அங்குல டிஸ்க் பலவற்றில் அடிப்பக்கம் நடுவில் இருந்த திருகாணித் துளைகள் இல்லை, இடம் மாறிவிட்டன. பழைய தட்டுகள் அந்தத் துளைகளை நம்பிச் செய்தவை. வாங்க முன் உங்கள் டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய் தட்டில் வைத்துப் பாருங்கள். எங்களுக்கு இரண்டு டிஸ்க் பொருந்தியது, மற்ற இரண்டுக்கும் தட்டில் புதுத் துளை போட்டேன். துளைத்த ஓரத்தில் நிறம் பூசிக் காயவிட்டுத்தான் மாட்டினேன், இல்லையென்றால் துரு அங்கே வந்து உட்காரும்.

திருகாணியும் அப்படித்தான். 3.5 அங்குல டிஸ்க்குக்குக் கொஞ்சம் பருத்த புரி, எஸ்எஸ்டிக்கு மெல்லிய எம்3 புரி. மாறிப் போட்டு இறுக்கினால் டிஸ்க்கின் புரி போய்விடும். எங்கள் ஹார்ட்வேர் கடைகளில் எம்3 கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஆகவே பழைய கேசிங் வாங்கும்போது திருகாணிப் பையையும் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் கொக்கியால் டிஸ்க்கை மாட்டும் வகைகளை நான் தவிர்த்தேன். வருடக் கணக்கில் வெக்கையில் கிடந்தால் அந்தக் கொக்கி உலர்ந்து, ஒரு நாள் கையோடு முறிந்து வரும், அதற்கு மாற்று எங்கும் கிடையாது.

எந்தக் கேசிங் என்றாலும் பொருந்தும் ஒரு விசயம் எர்த். கேசிங்கை அறையில் வைத்து முதல் தரம் கரண்ட் கொடுத்தேன். சீமெந்துத் தரை, வெறுங்கால். பின்பக்கத் திருகாணியில் கை பட்டதும் சுள்ளென்று எறும்பு கடித்த மாதிரி இருந்தது. டெஸ்டரை வைத்தால் மெல்லிசாக எரிகிறது. பவர் சப்ளையில் பிழை இல்லை. கரண்டில் வரும் இரைச்சலை வடிக்க அதற்குள் இரண்டு சின்ன மின்தேக்கி, உயிர்க்கம்பியில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் கேசிங் தகட்டுக்கு இணைத்திருக்கும். எர்த் கம்பி நிலத்துக்குப் போகாவிட்டால் தகடு 230 வோல்ட்டின் பாதியில், 115 வோல்ட் அளவில் மிதக்கும். ஓட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் எர்த் இல்லாத இடத்தில் நாளைக்கு உண்மையாகவே ஒரு பிழை வந்தால், அதைத் தடுக்க ஒன்றும் இருக்காது. வாசிகசாலையின் பழைய பிளக்கில் எர்த் துளை இருந்தது, கம்பி இல்லை. மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுப் புது எர்த் கோல் அடித்து, ட்ரிப் சுவிட்சும் சோதித்த பிறகுதான் டிஸ்க்குகளை மாட்டினேன். இரும்புக் கேசிங் வாங்கும் யாரும் முதலில் இதைப் பாருங்கள், பிள்ளைகள் தொடும் இடமென்றால் கட்டாயம் பாருங்கள்.

பவர் சப்ளை 450 வாட் போட்டோம். ஒரு 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு செக்கனில் 12 வோல்ட்டில் 2 அம்பியர் அளவு இழுக்கும், ஆறு என்றால் 150 வாட்டுக்குக் கிட்ட. பிறகு மிகவும் குறைந்துவிடும். ஃபேனைப் பொறுத்தவரை முன்னால் இரண்டு உள்ளே இழுக்கிறது, பின்னால் ஒன்று வெளியே தள்ளுகிறது. உள்ளே வரும் காற்று கூடுதலாக இருந்தால் மிச்சக் காற்று சந்துகளால் வெளியேதான் போகும், வலையில்லாத சந்தால் தூசி உள்ளே வராது. மாரியில் மெஷினை நிறுத்தவே வேண்டாம் என்று மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். ஓடுகிற மெஷினுக்குள் இருக்கும் இளஞ்சூட்டில் ஈரம் தங்காது. நிறுத்திப் பத்து நாள் விட்டால்தான் தங்கும்.

எங்கே வைப்பது என்பதில் விவாதம் ஒன்றும் இருக்கவில்லை. 2011 தை மாத வெள்ளத்தில் இந்த அறைக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்குச் சுவரில் இன்னும் கோடு இருக்கிறது. சேர்வர் அந்தக் கோட்டுக்கு இரண்டு அடி மேலே, சுவரில் அடித்த இரும்புத் தட்டில் நிற்கிறது. டவர் வெறுமனே பத்துக் கிலோவுக்கு மேல், டிஸ்க்கோடு இன்னும் கூட. தட்டின் நாலு மூலைக்கும் கோணக் கம்பி கொடுத்தோம். 2004 மார்கழிக் கடல் கல்லடியிலும் நாவலடியிலும் எத்தனை வீட்டுப் படங்களைக் கொண்டு போனது என்பதை நாங்கள் மறக்கவில்லை. எட்டுத் தட்டு இருக்கிறது என்பதற்காக எல்லாம் இந்த ஒரு பெட்டியில் போதும் என்று விடமாட்டோம். மாதம் ஒருமுறை ஒரு நகல் எடுத்து, கடலுக்கும் வாவிக்கும் தூரமாக, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வீட்டில் வைக்கிறோம்.

உங்களுக்கு எட்டுத் தட்டு டவர் பழையதாகக் கிடைக்காவிட்டால், கடையில் உள்ள புதிய கேசிங்குகளில் முன்பக்கம் முழுக்க வலையாக, நாலு டிஸ்க்காவது ஃபேனுக்கு நேரே நிற்கும்படி உள்ளதைத் தேடுங்கள். உள்ளே நிறம் பூசியதா பாருங்கள். வண்ண ஃபேனோடு வந்தால் அந்த வயரைக் கழற்றிவிட்டால் போயிற்று, அதற்காக ஒதுக்கத் தேவையில்லை. இரண்டு டிஸ்க்குக்கு மேல் எப்போதும் வேண்டாம் என்பவர், இரண்டு 3.5 அங்குல டிஸ்க் கொள்ளும் பழைய அலுவலக டவர் ஒன்றை எடுத்து, மிச்சக் காசுக்கு நல்ல யுபிஎஸ் வாங்கட்டும்.

பதினொரு டிஸ்க்கில் ஏழை இதுவரை உள்ளே ஏற்றிவிட்டோம். எட்டாவது கொஞ்சம் இரைகிறது, அதை இரவில் அறை குளிர்ந்த பிறகு, இடைவெளி விட்டு விட்டு ஏற்றுகிறேன். மாஸ்டர் கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்கிறார். நேற்று பின்னேரம் முன்வலையை இழுத்து எடுத்து, பைப்புக்குக் கீழே பிடித்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, அவரே திரும்பப் போட்டார்.